இரவல் போன மாத்திரைகள்

அத்தியாயம் 14

அழகம்மாவின் இடது சிறுநீரகம் தங்கை ஜீவராணியின் அடிவயிற்றுக்குக் குடிபோய் எட்டு மாதமாகிறது. ஏழு மாதம் புது மருமகளைப் போல வாய் திறக்காமல் வேலை பார்த்தது. எட்டாவது மாதம்தான் வம்பு வந்து சேர்ந்தது.

வம்பு கிட்னியால் இல்லை என்று டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். வந்தவள் ஒழுங்காகத்தான் இருக்கிறாளாம். வீட்டுக்காரர்கள்தான் அவளைப் பிடித்து வெளியே தள்ளப் பார்க்கிறார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கஹவத்தைக்கு மேலே, லோகன்வில் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், ஜீவராணியின் கால் இரண்டும் வீங்கின. லேசான காய்ச்சல். தண்ணீர் குடித்தால் உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. அன்றைக்கே அழகம்மா தங்கையைப் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். திங்களன்று ஊசியால் கிட்னியில் நூல் அளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நரம்பு வழியாகப் பெரிய மருந்து ஏற்றினார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. கிட்னி தங்குமா, போகுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

போனால் என்ன ஆகும் என்பதை அழகம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபடியும் வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தம் கழுவும் மெசின். தங்கையின் மகள் கேஷானிக்கு இப்போதுதான் ஐந்து வயது. இன்னொரு கிட்னி கொடுக்க ஆள் கிடையாது. அழகம்மாவிடம் மிச்சம் இருப்பது ஒன்று. கேட்டால் அதையும் கொடுத்துவிடுவாள், ஆனால் அதை வாங்கிக்கொள்கிற பைத்தியக்கார டொக்டர் உலகத்தில் யாரும் இல்லை.

காலை ஆறு மணிக்கு நர்ஸ் சிறுநீர் அளக்கும் ஜக்கைத் தூக்கிப் பார்த்தாள். அழகம்மாவும் எட்டிப் பார்த்தாள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறவள் அவள். கோடு பார்ப்பதில் அவளை ஏமாற்ற முடியாது.

நேற்று முழுவதற்கும் முந்நூற்றைம்பது மில்லி. ஒரு தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு தடவை நிரப்பினால் தீர்ந்துபோகும்.

"அக்கா, கொஞ்சம் கூடியிருக்கா?" என்றாள் ஜீவராணி படுக்கையிலிருந்து.

"கூடும், கூடும். படு," என்றாள் அழகம்மா. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையில் அவளுக்குப் பயத்தைவிட ரோசம்தான் அதிகமாக இருந்தது. வெட்டிக் கொடுத்தது அவள் சதை. அதை வேண்டாம் என்கிறது யார்? அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கையின் உடம்பு. நாலு நாளாக இந்த முள் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. டொக்டர் ஸம்சுதீன் காலையில் வாட்டுக்கு வந்தபோது அது வெளியே வந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நான் என்ன வேத்தாளா? ஒரே வயித்துல பொறந்தவ. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இவ ஒடம்பு என்னைய வேணாங்குது?"

டொக்டர் சிரிக்கவில்லை. கொடகவெலக்காரர் அவர். தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவர்.

"அக்கா, மடுவத்துல உங்க கூடைய கொட்டினதும் கங்காணி என்ன செய்வார்?"

"கிண்டிப் பாப்பாரு."

"யாராவது தோட்டத்துக்கு வெளிய, நாட்டுப் பக்கத்துக் கொழுந்தக் கலந்து கொண்டுவந்தா?"

"கைய வெச்ச ஒடனே புடிச்சிருவாரு. எலையோட மொகமே வேறயில்ல?"

"அப்படித்தான் இதுவும். நம்ம சதைக்கு ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு முகம் இருக்கு. ரத்தத்துல ஒரு கூட்டம் ராப்பகலாச் சுத்திச் சுத்தி அந்த முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கும். நம்ம ஆளுன்னா விட்டுரும். வேற முகம்னா சத்தம் போட்டு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து அடிக்கும். கிருமிய அடிக்கிறதுக்கு இருக்கிற கூட்டம் அது. உங்க கிட்னி நல்லது செய்ய வந்திருக்குன்னு அதுக்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நான் அக்கான்னு தெரியாதா அதுக்கு?"

"பாதி தெரியும். ஆறு அடையாளம் பாத்தோம், மூணு பொருந்திச்சு. தாய் தந்தது ரெண்டு பேருக்கும் ஒண்ணு. தகப்பன் தந்ததுதான் ஆளுக்கு ஒரு மாதிரி. அந்த மூணும் அதுக்கு அந்நியம். மாத்திரை அதுக்குத்தான். கங்காணிய அரைத்தூக்கத்துல வெச்சிருக்கும்."

அழகம்மா யோசித்தாள். அவளுடைய ரோசம் கொஞ்சம் இறங்கியது. தங்கைக்கு மனசு சுத்தம்தான், கங்காணிக்குத்தான் கண் கூர்மை. ஆனால் உடனே அடுத்த கேள்வி முளைத்தது.

"அப்ப இப்ப எதுக்கு முழிச்சாரு?"

"அதான் எனக்கும் விளங்கல," என்ற டொக்டர் ஜீவராணியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உண்மையச் சொல்லுங்க. மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டீங்களா?"

"போட்டேன் சார். ஒரு வேள கூடத் தவறல." ஜீவராணி இதை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

டொக்டர் பெருமூச்சு விட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். எல்லா மாத்திரையும் போட்டும் உடம்பு இப்படித் தாக்குகிறது என்றால் தாக்குதல் சாதாரணமானது இல்லை. மூன்று ஊசிக்குப் பிறகும் நேற்றைய இரத்தத்தில் உப்பு மூன்று புள்ளி நாலிலேயே நிற்கிறது, இறங்கவில்லை. இனிமேல் காத்திருக்க முடியாது. இதைவிடப் பலமான மருந்து ஒன்று இருக்கிறது, முயலின் இரத்தத்திலிருந்து எடுப்பது. அது அந்தக் கூட்டத்தையே ஒழித்துக்கட்டும்.

"ஒழிச்சா நல்லதுதானே சார்?"

"கங்காணியோட சேத்து காவக்காரனும் போயிருவான் அக்கா. அதுக்குப் பிறகு சின்னச் சளிக் காய்ச்சல் வந்தாலும் தடுக்க ஆளில்ல. அதனாலதான் கையெழுத்துக் கேக்குறேன். பன்னிரெண்டு மணிக்கு வாறேன், யோசிச்சு வைங்க."

அவர் போன பிறகு அழகம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை குளிர்ந்திருந்தது.

"போட்ருவோம்க்கா கையெழுத்த," என்றாள் ஜீவராணி.

"அவசரப்படாத."

"எனக்குப் பயமில்ல."

இதையும் அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னாள்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு டொக்டர் படிவத்தோடு வந்தார். அதே நேரம்தான் பார்வையாளர்களை உள்ளே விடும் நேரமும். ஜனங்கள் பார்சலும் பையுமாக வாட்டுக்குள் திபுதிபுவென்று நுழைந்தார்கள். ஜீவராணி பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

"ஏ புள்ள ஜீவராணி! எங்க இருக்க?"

மூக்காயியின் குரல். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரி. ஐம்பத்தைந்து வயது, இழுப்புக்காரி, ஆனால் குரலுக்கு மட்டும் இழுப்பு வந்ததே கிடையாது. கட்டிலைக் கண்டுபிடித்து வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அப்பப்பா, என்னா சோதனை! அவிசாவளையில எறக்குறான், அங்கிட்டு வந்து இன்னொரு செக்பொயின்ட்டுல எறக்குறான். ஐடிய காட்டுன்றான், டின்ன தெறன்றான். ஆமிக்காரப் பொடியன் மோந்து பாக்குறான், அழகம்மா! 'பெஹெத் மாத்தயா, பெஹெத்'னு சிங்களத்துல சொன்ன பொறகுதான் விட்டான்."

"என்னா மருந்து?" என்றாள் அழகம்மா.

மூக்காயி கையிலிருந்த பவுடர் டின்னைத் திறந்து கட்டில் விரிப்பின் மேல் கவிழ்த்தாள். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள் உருண்டு விழுந்தன.

"வாங்குனத வெச்சுக்கிட்டு இருக்க எனக்கு மனசு வல்ல. புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கா. கஹவத்தையில ஹுஸைன் நானா கடையில வாங்கியாந்தேன். பதினாலு வாங்குனேன்ல, பதினாறா வெச்சிருக்கேன்."

லயத்தில் உப்பு, நெருப்பு, மருந்து மூன்றையும் யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. எந்த நேரம் கதவைத் தட்டினாலும் கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் திருப்பும்போது ஒரு பிடி கூட்டித்தான் திருப்ப வேண்டும். ஒரு சுண்டு அரிசி இரவல் வாங்கினால் கோபுரமாகக் குவித்துத் தருவார்கள். மூக்காயி தன் வாழ்நாளில் யாருக்கும் தட்டையாகத் திருப்பியவள் இல்லை.

டொக்டர் ஸம்சுதீன் குனிந்து ஒரு மாத்திரையை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது யார்கிட்ட வாங்கினது?"

"இந்தப் புள்ளகிட்டத்தான் சாமி. டிஸ்பென்சரி ஐயா மகன் கல்யாணத்துக்குப் போயிட்டாரு. எனக்கு இழுப்புன்னா இழுப்பு, உசுரு போவுது. அவரு எனக்குக் குடுக்கறதும் இதே வெள்ள மாத்திரைதான். புள்ள கையில பாத்தேன், 'ஏண்டி, இது நம்ம மாத்திரையில்ல?'ன்னேன். எடுத்துக்கங்க அக்கான்னுச்சு. மகராசி."

டொக்டர் ஜீவராணியைப் பார்த்தார். அழகம்மாவும் பார்த்தாள். ஜீவராணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா போடல?" டொக்டரின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஒரு மாசம் ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு சார். அதுக்குப் பொறகு எட்டு நாளு... ஒண்ணுமில்ல. மத்த மாத்திரையெல்லாம் போட்டேன் சார், சத்தியமா. இது சின்ன மாத்திரைதானேன்னு நெனச்சேன். ஒடம்பும் நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்து டொக்டர் செய்த காரியத்தை அழகம்மா எதிர்பார்க்கவில்லை. அவர் அந்தப் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபமும் சிரிப்பும் ஒன்றை ஒன்று முந்தின.

"உங்களுக்கு நல்லா ஏசணும் தங்கச்சி, நாளைக்கு ஏசுறேன். இன்னைக்கு எனக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. எல்லா மாத்திரையையும் மீறி அந்தக் கூட்டம் அடிக்குதுன்னு பயந்தேன். அப்படியில்ல. நாமதான் கங்காணிய எழுப்பி விட்டிருக்கோம். எழும்பினவர ஏத்தின மூணு ஊசியே திரும்பவும் படுக்க வைக்கும். முயல் மருந்து இப்ப வேணாம். நாலு மணி ரிப்போட் வரட்டும்."

விஷயம் மெல்ல மெல்லத்தான் மூக்காயிக்கு உறைத்தது. உறைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடி ஆத்தே! நானா புள்ளைய இந்தக் கதிக்கு ஆளாக்குனேன்?"

"எந்திரிங்க அக்கா," என்று அழகம்மா அவளைத் தூக்கினாள். "நீங்க திருப்பிக் குடுக்க வல்லன்னா இந்நேரம் முயல் மருந்து ஏறியிருக்கும். ஒக்காந்து தேத்தண்ணி குடிங்க."

மூக்காயியை ஒரு வழியாக வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்த அழகம்மாவுக்கு ஒரு கணக்கு மட்டும் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒரு மாதம் ஒன்று ஒன்றாக முப்பது. எட்டு நாள் இரண்டு இரண்டாகப் பதினாறு. மொத்தம் நாற்பத்தாறு. மூக்காயி வாங்கியது பதினாலு.

"மிச்சம் முப்பத்திரெண்டு எங்கடி?"

ஜீவராணி விரிப்பை முறுக்கினாள்.

"மூக்காயி அக்காவுக்குக் குடுத்தேன்னு காலையிலேயே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்தப் பொல்லாத மருந்துக்குக் கையெழுத்துப் போடப் போனியே, எதுக்கு? யாரக் காப்பாத்த?"

"சொன்னா மிச்சத்தக் கேப்ப."

"கேக்கத்தான் செய்வேன். சொல்லு."

"அண்ணனுக்கு."

முத்துவீரன். இருவருக்கும் நடுவில் பிறந்தவன். போன வருடம் இரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்க மூன்று பேரும் ஒன்றாகக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, கஹவத்தை பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். கலவானப் பக்கம் ஒரு முதலாளியின் துண்டுத் தேயிலை நிலத்தில் வேலைக்கு இருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அன்றிலிருந்து அழகம்மா அவன் பெயரை வாயில் எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

"சின்ன வயசுல இருந்தே அவனுக்கு இழுப்பு இருக்குல்லக்கா. அங்கிட்டு மழை விடுறதே இல்ல. ரப்பர் பால் வெட்டுற ஆள்கிட்ட சொல்லிவிட்டிருந்தான், படுக்கையில இருக்கேன்னு. நான்..."

"கிட்னி குடுக்கப் பயந்து ஓடுனவனுக்கு," அழகம்மாவின் குரல் வாட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது, "என் கிட்னிய வெச்சா நீ வைத்தியம் பாத்த?"

ஜீவராணி அழவில்லை. அக்காவை நேராகப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாக ஜன்னலைப் பார்க்காமல் பேசினாள்.

"ஆமா, பாத்தேன். அவன் எனக்குத் தரல. அதுக்காக நான் அவனுக்கு இல்லன்னு சொல்லணுமா? ஊரான் தட்டுனாலே தொறக்குற கதவு. தட்டுனது அண்ணன்."

அழகம்மா வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையை இரண்டு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வயிற்றின் இடது பக்கத்துத் தழும்பு மழை நாளில் நமைப்பது போல நமைத்தது. கண்ணீர் வந்தபோது துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். நர்ஸ் வாட்டு வாசலில் நின்று கையை ஆட்டி, வந்து பார்க்கச் சொல்லிச் சிங்களத்தில் கூப்பிட்டாள்.

"அக்கே! மெஹே எண்ட! பலண்டகோ!"

அழகம்மா ஓடினாள். ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடினாள். ஜீவராணி மறைப்புத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"நிக்க மாட்டேங்குதுக்கா! காலையில இருந்து இது நாலாவது தடவ!"

நர்ஸ் ஜக்கைத் தூக்கிக் காட்டினாள். ஆயிரம் என்று போட்டிருந்த கோட்டுக்கு மேலே நின்றது. பக்கத்திலேயே இன்னொரு ஜக்கு, அதிலும் முக்கால்வாசி. தெளிந்த, வெளிர் மஞ்சள்.

"தாங்க இங்க," என்று அழகம்மா அதை நர்ஸின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். யாரும் தடுப்பதற்குள் இரண்டு கையாலும் நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்து, திருவிழாவில் கரகம் எடுத்து வருகிறவள் மாதிரி வாட்டின் நடுவே நடக்க ஆரம்பித்தாள்.

"பாருங்க! எல்லாரும் பாருங்க! என் கிட்னி போட்டது! ஆயிரத்தி எழுநூறு!"

பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா கையைத் தட்டினாள். அவளுக்கும் போன வாரம்தான் மகனின் கிட்னியை வைத்திருந்தார்கள், அவளுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும். எதிர்க்கட்டிலும் தட்டியது. வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்த மூக்காயி உள்ளே ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமலே குலவை போட்டுவிட்டாள். சிறுநீருக்குக் குலவை போட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த அமளிக்கு நடுவில்தான் டொக்டர் ஸம்சுதீன் ரிப்போட்டோடு வந்தார். நேற்று மூன்று புள்ளி நாலு. இன்று இரண்டு புள்ளி மூன்று.

"இறங்குது. இனிமே இறங்கிக்கிட்டே போகும் போல. உங்க கிட்னி தங்கிருச்சு அழகம்மாக்கா," என்றார். பிறகு அவள் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, "முதல்ல அதக் கீழ வைங்க," என்றார்.

அழகம்மா கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, தையல் இருந்த இடத்தில் துணிக்கு மேலாக உள்ளங்கையை மெதுவாக வைத்தாள். அந்தக் கங்காணி இன்னும் உள்ளே இருக்கிறார். சாகும் வரைக்கும் இருப்பார். மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் கண் விழிப்பார். இருக்கட்டும். இனி அவருக்குக் காவலாக அழகம்மா இருக்கிறாள்.

"அவன் நம்பர் இருக்கா?" என்று திடீரென்று கேட்டாள்.

ஜீவராணி திகைத்தாள். "அங்க கடை முதலாளி நம்பர்தான் இருக்கு."

"சொல்லு."

எதையும் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னாள் கள்ளி.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமினிகேஷன் கடைக்குப் போய் அழகம்மா அந்த எண்ணை எடுத்துத் தரச் சொன்னாள். கலவானக் கடைக்காரரிடம் சிங்களத்தில் விசாரித்தாள். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து விடும் மூச்சு. யாரென்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஒரு வருடமாக அவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது.

"அக்காவா?" என்றான் முத்துவீரன். "புள்ள... புள்ள எப்படிக்கா?"

"ஆயிரத்தி எழுநூறுடா," என்றாள் அழகம்மா.

"என்னாது?"

"ஒண்ணுக்குடா, மடையா! ஆயிரத்தி எழுநூறு! கிட்னி தங்கிருச்சு!"

கொமினிகேஷன் கடைக்காரன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அந்தப் பக்கம் சிரிப்பும் இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"கேட்டுக்க. நாளைக்கு மொத பஸ்ஸ புடிச்சு இங்க வா. நெஞ்ச டொக்டர்கிட்ட காட்டணும். இனிமே மாத்திரை வேணும்னா என்கிட்ட கேளு. அவகிட்ட கேட்ட, கால ஒடச்சிருவேன்."

"வாறேன்க்கா." மூச்சு இரண்டு தரம் இழுத்தது. "அக்கா, அன்னைக்கு நான் பயந்துகிட்டு ஓடல. அதுக்கு முந்தின வாரமே ரத்னபுரிக்குப் போயி ரத்தம் குடுத்துப் பாத்துட்டேன். அந்த ரிப்போட்ட உங்க ரெண்டு பேருக்கும் காட்ட எனக்குத் தைரியம் வல்ல. இன்னும் என் பெட்டியிலதான் இருக்கு."

அழகம்மா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தாள். தெருவில் பஸ்கள் உறுமிக்கொண்டு போயின.

"அதையும் எடுத்துக்கிட்டு வா," என்றாள். "என்னவா இருந்தாலும் பாத்துக்கலாம். இன்னைக்கு ஒரு பெரிய ஆள தூங்க வெச்சிருக்கேன்டா. நீ எம்மாத்திரம்?"